நாலு மணிக்கு வரும் பெண்

வல்லத்திராக்கோட்டை,
19.1.2025

அன்புள்ள அக்காவுக்கு, தங்கை சுகுணா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவரும் கார்த்திகாவும் சுகம். அங்கே நீங்களும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இதை எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். நீங்கள் சுகம் என்பது எனக்குத் தெரியாதா? அரை மணி நேரத்துக்கு முன்புதான் போனில் பார்த்தேன். தலையில் ஈரத் துண்டு. பின்னால் குக்கர் கத்தியது. நீங்கள் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தீர்கள். இந்தக் கடிதம் செட்டிகுளம் வந்து சேரும்போது அந்தச் சோறு என்ன ஆகியிருக்கும்.

நீங்கள் சொன்னபடிதான் எழுதுகிறேன். நான் மருதாயி பெற்ற மகள் என்று குடியுரிமை கொடுக்கும் கொழும்பு ஆபீஸ் நம்ப வேண்டும். என் பிறப்புச் சான்றிதழில் தாய் பெயர் மருதம்மாள் என்று இருக்கிறது. இங்கே அகதி முகாமில் நான் பிறந்தபோது யாரோ ஒருவர் காதில் விழுந்ததை எழுதிவிட்டுப் போய்விட்டார். அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ. அந்த ஒரு பெயரால்தான் எனக்கு அந்த நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை. அகதி பெற்ற பிள்ளை என்பதால் பிறந்த இந்த நாட்டுக் காகிதமும் இல்லை. அம்மா இடுப்பு ஒடிந்து வாசலைத் தாண்டாமல் கிடக்கிறார். நான்தான் வர வேண்டும். வருவதற்கு நான் யார் என்று ஒரு காகிதம் சொல்ல வேண்டும்.

நேற்று தபாலாபீஸில் எவ்வளவு தபால்தலை ஒட்டுவது என்று கேட்டேன். அங்கிருந்தவர், "இலங்கைக்கா? உள்ள என்னம்மா இருக்கு?" என்றார். "லெட்டருங்க." "வெறும் லெட்டரா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். போன் இல்லாத வீட்டுப் பெண் என்று நினைத்திருப்பார்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும்தான் பேசிவிட்டோமே. அம்மாவை முட்டியில் எண்ணெய் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பை மறவாத,
சுகுணா


செட்டிகுளம்,
16.2.2025

என் பிரியமுள்ள தங்கச்சிக்கு, ராஜலட்சுமி எழுதியது. கடவுள் புண்ணியத்தில் இங்கு நலம். உங்கள் மூவரின் நலத்தையும் தினம் நினைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதம் இருபத்து மூன்று நாள் நடந்து வந்து சேர்ந்தது. அதில் இருந்தது எல்லாம் எனக்கு முன்பே தெரிந்த சேதி. ஆனாலும் வேலை பார்க்கும் பாலர் பாடசாலையிலிருந்து வந்து, உடுப்பு மாற்றாமல், கதவோரம் நின்றபடியே மூன்று தடவை படித்தேன்.

கொழும்பில் நடந்ததைப் போனில் அவசரமாகச் சொன்னேன். இப்போது முழுதாகச் சொல்கிறேன். அந்த உத்தியோகத்தர் கெட்ட மனிதர் இல்லை. வயதானவர், தமிழர்தான். நான் போனை எடுத்து, நாம் பேசிய பழைய வீடியோக்களைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தங்கச்சி, இப்ப முகத்தையும் குரலையும் கம்ப்யூட்டரே செய்து தருது. நான் எதை நம்புறது?"

"தினமும் கதைக்கிறோம் ஐயா. இப்பவே கூப்பிட்டுத் தரட்டா?"

"போன் எங்கயும் போகும். என்ட ஃபைல் இந்த மேசையத் தாண்டாது. ரெண்டு நாட்டு முத்திரையும் விழுந்த கடிதம் இருக்கா? குடும்பமா இருந்தீங்க என்டதுக்கு?"

இல்லை என்றேன். "அப்ப இனியாவது எழுதுங்கோ" என்றார். அதனால்தான் இந்தக் கூத்து.

உன் கடிதத்தை அம்மா கையில் கொடுத்தேன். வெகுநேரம் வைத்திருந்தார். அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், நிறையத் தூங்குகிறார். நீ கூப்பிடும் நேரத்தில்தான் தூங்கிவிடுகிறார்.

கார்த்திகாவுக்கு என் முத்தம்.

என்றும் உன் அக்கா,
ராஜலட்சுமி


வல்லத்திராக்கோட்டை,
18.3.2025

அன்பான அக்காவுக்கு, வணக்கத்துடன் சுகுணா. எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் சுகத்தை உள்ளபடி எழுதவும்.

உள்ளபடி என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. தைப்பொங்கலுக்குப் பிறகு அம்மா ஒருமுறைகூடப் போனுக்கு வரவில்லை. கேட்டால் தூங்குகிறார் என்கிறீர்கள், குளிக்கிறார் என்கிறீர்கள். முந்தாநாள் குளிக்கிறார் என்று நீங்கள் சொல்லும்போதே உங்களுக்குப் பின்னால் அம்மாவின் கால் தெரிந்தது. நான் கேட்கவில்லை. நீங்களும் போனைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டீர்கள்.

நான் வேலை பார்க்கும் பிரவுசிங் சென்டரில் நேற்று மத்தியானம் கரண்ட் போய்விட்டது. வாரிசுச் சான்றிதழுக்கு வந்த இருளாண்டி என்கிற பெரியவர் பெஞ்சிலேயே படுத்துவிட்டார். நானும் மேசையில் தலை சாய்த்தேன். கனவு. நமக்கு நடுவில் இருக்கும் கடல் சுருங்கி ஒரு தெரு அகலத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் அம்மா துணி உலர்த்துகிறார். தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருக்கும், வெதுவெதுவென்று. காலைத் தூக்கினேன். வைத்தேனா என்று தெரியவில்லை. மின்விசிறி சுற்ற ஆரம்பித்துவிட்டது. "யம்மா, மெசினு வந்துருச்சு பாரு" என்று பெரியவர் எழுப்பினார். ஊருக்கெல்லாம் சான்றிதழ் எடுத்துக் கொடுக்கிறேன் அக்கா. பட்டனை அழுத்தினால் மனு சென்னைக்குப் போய்விடுகிறது.

போன வாரம் நானும் அவருமாகச் சென்னை போய்ப் பயண அனுமதிக்கான ஃபாரம் வாங்கி வந்தோம். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அம்மா எப்படி இருக்கிறார்?

பதிலை எதிர்நோக்கும்,
சுகுணா


செட்டிகுளம்,
20.4.2025

தங்கச்சி சுகுணாவுக்கு, அக்கா. உடம்பளவில் எல்லோரும் நலம்.

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. அந்தப் பத்து நாளும் உன்னோடு போனில் பேசினேன். வெயில், மாங்காய், கார்த்திகாவின் பரீட்சை என்று. இதைச் சொல்ல முடியவில்லை. சொன்னால் உன் முகம் என் கண் முன்னால் மாறும். காகிதத்துக்கு முகம் இல்லை.

அம்மாவுக்குப் போன தீபாவளியிலிருந்தே ஒன்று விட்டுப்போயிருக்கிறது. சமையலுக்கு உப்பு சொல்கிறார், தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் அந்தக் காலத்தில் பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் பெயரெல்லாம் சொல்கிறார். ஆனால் போனில் தெரிகிற ஆள் நமக்குத் தெரிந்த அந்த ஆள்தான் என்று நம்ப முடியவில்லை. தைப்பொங்கலன்று நீ பேசிவிட்டு வைத்ததும் என்னிடம் கேட்டார்.

"யாருடி அந்தப் பொண்ணு? நல்லாத்தான் பேசுது."

"நம்ம சுகுணாதாம்மா."

"சுகுணா இந்தியாவுலல்ல இருக்கா? இந்த டப்பாக்குள்ள எப்புடி இருப்பா? நீ என்னயப் பைத்தியம்னு நெனச்சியா?"

கோபித்துக்கொண்டு அன்று சாப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் உன்னிடம் தூக்கம், குளியல் என்று சொல்ல ஆரம்பித்தேன். உன்னை எதிரே வைத்துக்கொண்டு அவர் அதைக் கேட்டுவிடக் கூடாது என்று.

ஆனால் உன் முதல் கடிதத்தைக் கொடுத்தபோது என்ன செய்தார் தெரியுமா? விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவினார். "இது அவ எழுத்துத்தான். ழானாவுக்கு வாலு நீளமா இழுப்பா. முகாம் பள்ளிக்கூடத்துல இதுக்கே அடி வாங்குனா" என்றார். இப்போது தலையணைக்குக் கீழே இருக்கிறது.

என்னை மன்னித்துவிடு.

ராஜலட்சுமி


வல்லத்திராக்கோட்டை,
16.5.2025

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது தெரியவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு நான்கு நாள் போனை எடுக்காததற்குக் காய்ச்சல் காரணமில்லை. அவரைத்தான் அப்படிச் செய்தி அனுப்பச் சொன்னேன்.

ஐந்தாம் நாள் நாலு மணிக்குக் கூப்பிட்டு, "எதுவும் சொல்லாமல் அம்மாவிடம் கொடுங்கள்" என்றேனே, கொடுத்துவிட்டு நீங்கள் கொல்லைப்பக்கம் போய்விட்டீர்கள். நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா முதலில் போனைத் தலைகீழாகப் பிடித்தார். கூரை தெரிந்தது. பிறகு நெற்றி.

"யாரு?"

"நாந்தாங்க."

"நாந்தாங்கன்னா? பேரு இல்லையா?"

கார்த்திகாவின் நோட்டு எதிரே கிடந்தது. "கார்த்திகாங்க" என்றேன்.

"எம்பேத்தி பேரும் அதான். நான் பாத்ததில்ல. நீ யாரு பெத்த புள்ள?"

"மருதாயி பெத்த புள்ளைங்க."

அம்மா சிரித்தார் அக்கா. பொக்கைவாய் தெரியச் சிரித்தார். "எம்பேரும் மருதாயிதான். ஊருக்கு நாலு மருதாயி இருப்பா. ஒங்காத்தா நல்லா இருக்காளா?"

"கொஞ்சம் இடுப்பு வலிங்க."

"எண்ண போடச் சொல்லு. நாளைக்கும் வா."

கூப்பிடுகிறேன். நாளைக்கும், அதற்கு மறுநாளும். அவர் நம்பவில்லை என்றால் நம்ப வேண்டாம்.

சுகுணா


செட்டிகுளம்,
14.6.2025

கண்ணான தங்கச்சிக்கு, அக்காவின் ஆசிகள். நாங்கள் இருவரும் மிகவும் நலம். இந்தத் தடவை பொய் இல்லை.

மூன்றரைக்கே அம்மா தலை சீவச் சொல்கிறார். நல்ல சேலை கேட்கிறார். "அந்தப் பொண்ணு வர்ற நேரமாச்சு" என்கிறார். நேற்றுப் பணியாரம் சுட்டேன். ஒரு தட்டில் இரண்டை எடுத்துப் போன் பக்கத்தில் வைத்துவிட்டார். நீ வைத்த பிறகு, "கூச்சப்பட்டுக்கிட்டு சாப்பிடாமப் போயிருச்சு" என்று வருத்தம். அவர் பார்க்காதபோது நான் எடுத்துத் தின்றேன். காலித் தட்டைப் பார்த்த பிறகுதான் அவருக்கு நிம்மதி. நீங்கள் இருவரும் என்ன பேசுகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. கொல்லையில் நின்றுகொள்கிறேன். அந்த அரை மணிதான் எனக்கும் யாரும் கூப்பிடாத அரை மணி.

ஜூலை 24ஆம் தேதி கொழும்பில் வரச் சொல்லியிருக்கிறார்கள். கடிதங்களின் அசலைக் கொண்டுபோக வேண்டும். இந்தத் தடவை முடிந்துவிடும் என்று மனம் சொல்கிறது. நீ ஆவணியில் இங்கே இருப்பாய். அடுக்களைக்குப் பக்கத்து அறையைச் சுத்தம் செய்துவிட்டேன்.

ஏதோ ஃபாரம் என்று பங்குனியில் எழுதினாயே, அதில் என்ன இருக்கிறது?

ஆவலுடன்,
ராஜலட்சுமி


வல்லத்திராக்கோட்டை,
9.7.2025

அன்புள்ள அக்காவுக்கு, சுகுணா. மழை இல்லாமல் காற்று மட்டும் அடிக்கிறது. மற்றபடி சுகம். அம்மாவின் சுகம் எனக்கு நாலு மணிக்குத் தெரிந்துவிடுகிறது. உங்கள் சுகத்தைத்தான் எழுத வேண்டும்.

போன வியாழக்கிழமை அம்மா என்னிடம் சுகுணாவைப் பற்றிப் பேசினார்.

நானும் நீங்களும் அம்மாவும் இத்தனை வருடத்தில் பேசாத விஷயம் அது. 2012இல் நீங்கள் இருவரும் முகாமிலிருந்து ஊர் திரும்பிய நாள். இந்த ஊர்க்காரரைத்தான் கட்டுவேன் என்று நான் நின்றதும், "இனி ஒம் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று அம்மா சொன்னதும் உங்களுக்குத் தெரியும். அன்று காலை திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போக வேன் வந்தபோது, நான் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் நின்றேன். அம்மா திரும்பிப் பார்க்காமலே ஏறினார். பதின்மூன்று வருடமாக அந்த முதுகுதான் எனக்கு அம்மா. கார்த்திகா பிறந்து, அம்மாவும் நானும் போனில் பேச ஆரம்பித்த பிறகும்கூட.

அம்மா சொன்னது இது.

"எனக்கு எளையவ ஒருத்தி இருக்கா. அவள விட்டுட்டுத்தான் வந்தேன். வேன்ல ஏறுறப்ப டேங்குக்கு அங்கிட்டு நின்னா. மஞ்சத் தாவணி. நான் பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"பாக்காம இருப்பனா? பாக்காத மாதிரி ஏறிட்டேன். ஒருதரம் நேராப் பாத்திருந்தா எறங்கியிருப்பேன். எறங்குனா மூத்தவளுக்கு இங்க பேசி வச்ச மாப்ள எடம் போயிரும். அதுவும் கடைசியில கூடி வரல. ரெண்டு புள்ளைக்கும் நான் ஒண்ணும் செய்யல ஆத்தா."

நான் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டேன். "என்ன, இருட்டாயிருச்சு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மஞ்சள் தாவணி என்பது எனக்கே மறந்திருந்தது அக்கா.

இனி நான் மறைத்தது. அந்த ஃபாரம் ஒரு வழிக்கு மட்டும். இங்கிருந்து போகிறேன் என்று கையெழுத்துப் போட்டால், திரும்பி வர அந்த நாட்டுக்காரியாக விசா கேட்க வேண்டும். எத்தனை மாதம் ஆகும், கிடைக்குமா என்று கேட்டேன். "அது அவங்கவங்க கேஸப் பொறுத்ததும்மா" என்றார் அங்கிருந்தவர். இந்தியக் குடியுரிமை கேட்டு நான் போட்ட மனுவும் அத்தோடு முடிந்த மாதிரிதான் என்றார். கார்த்திகாவுக்குப் பதினொரு வயது. பெரியவளாகும் நேரம். வீட்டில் அவர், "போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்கிறார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

நீங்கள் அறையைச் சுத்தம் செய்துவிட்டேன் என்று எழுதிய பிறகு இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன்.

சுகுணா


செட்டிகுளம்,
3.8.2025

சுகுணாவுக்கு, அக்கா எழுதுவது. நலம், நலமறிய ஆவல்.

காகிதம் கிடைத்துவிட்டது. ஜூலை 24 அன்றே கிடைத்துவிட்டது. போனில் சொன்னபோது நீ சந்தோஷப்பட்டாய். நானும் அதை நம்பிவிட்டேன். உன் கடிதம் முந்தாநாள்தான் வந்தது.

கொழும்புக்குக் கிளம்பிய அன்று அம்மா கடிதங்களைத் தர மாட்டேன் என்றார். "கொழும்புக்காரனுக்கு எதுக்கு எம்புள்ள எழுத்து?" என்று தலையணை மேலேயே உட்கார்ந்துகொண்டார். சாயங்காலமே திருப்பித் தருவேன் என்று சத்தியம் செய்து வாங்கினேன். அந்தப் பெரியவர் மூன்றையும் படித்தார். மூன்றாவதில், நீ கார்த்திகா என்று பெயர் சொன்ன இடத்தில், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்பவும் அம்மா அந்தப் பிள்ளையோட கதைக்கிறாவா?" என்று கேட்டார். தினமும் என்றேன். வேறு ஒன்றும் கேட்காமல் முத்திரையைக் குத்தினார். மருதாயி எனும் மருதம்மாள். அவ்வளவுதான் அந்தக் காகிதத்தில் புதிதாக இருப்பது.

உன் மேல் கோபம் வந்தது. இரண்டு நாள் நீ கூப்பிட்டபோது அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டு உன் முகத்தைப் பார்க்காமல் போனேன். பிறகு யோசித்தேன். அம்மாவைப் பார்க்க வா வா என்று நான் சொன்னதில் பாதி எனக்காக. இருமினால் எழுந்து பார்க்க இன்னொரு ஆள். இடுப்பைப் பிடித்துத் தூக்க இன்னொரு கை. நீ வந்தால் திரும்பிப் போக நாளாகும் என்று எனக்கு எங்கேயோ தெரிந்தும் இருக்கலாம். ஃபாரத்தைப் பற்றி நீ எழுதி மூன்று மாதம் கழித்துத்தானே கேட்டேன்.

அந்தச் சம்பந்தம் கூடி வராதது அம்மாவால் இல்லை என்று அவரிடம் சொல். நான் சொன்னால் கேட்க மாட்டார். நீ சொன்னால் கேட்பார். நீ வெளி ஆள்.

முடிவை நீ எடு. எதுவானாலும் நான் உன் அக்காதான்.

ராஜலட்சுமி


வல்லத்திராக்கோட்டை,
30.8.2025

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய அக்காவுக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் நலம். நீங்கள் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும்.

பத்து நாள் ஃபாரத்தை மேசையில் விரித்து வைத்தேன். கார்த்திகா அதன் மேலேயே வீட்டுப்பாடம் எழுதினாள். போன திங்கட்கிழமை நாலு மணிக்கு அம்மாவிடமே கேட்டுவிட்டேன்.

"ஒங்க எளைய மக வாரேன்னா என்ன செய்வீங்க?"

அம்மா முகம் விரிந்து அப்படியே நின்றது. போன் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். நிற்கவில்லை. "வருவாளா?" என்றார்.

"வந்தா திரும்பிப் போக ரொம்ப நாளாகுமாம். புள்ளைய அங்கயே விட்டுட்டு வரணுமாம்."

"எம்புட்டுப் புள்ள?"

"பதினோரு வயசு. பொம்பளப் புள்ள."

அம்மா வாசல் பக்கம் திரும்பினார். உங்கள் வாசலில் வெயில் அடிப்பது அவர் கன்னத்தில் தெரிந்தது.

"வர வேணாம்னு எழுதிப் போடு. நீ படிச்ச புள்ளதான, நீ எழுது. ஒரு குடும்பத்துல ஒருத்தி புள்ளைய விட்டுட்டு வேன் ஏறுனது போதும்னு எழுது. நான் சொன்னேன்னு எழுது."

நான் வரவில்லை அக்கா. நேற்று முகாமுக்குப் போய், அகதிப் பதிவில் மாதாமாதம் போடும் கையெழுத்தைப் போட்டேன். ஃபாரத்தை எழுதாமல் வைத்துவிட்டேன். உங்களைத் தனியாக விடுகிறேன் என்பது தெரிந்தே இதைச் செய்கிறேன். போன் வழியாக ஒரு ஆளைத் தூக்கிவிட முடியாது.

அந்தச் சம்பந்தத்தைப் பற்றிச் சொன்னேன். "அப்புடியா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

இத்துடன் தனித்தாளில் அம்மாவுக்கு நாலு வரி எழுதியிருக்கிறேன். நாலு மணிக்கு வருகிற பெண் நான்தான் என்று எழுதியிருக்கிறேன். அவர் நம்புவது என் எழுத்தை மட்டும்தானே. நீங்கள் படித்துவிட்டு, கொடுக்கலாம் என்றால் கொடுங்கள்.

என்றும் தங்கள்,
சுகுணா


செட்டிகுளம்,
28.9.2025

என் தங்கச்சி சுகுணாவுக்கும், தம்பி அருண்குமாருக்கும், மகள் கார்த்திகாவுக்கும் அன்பு. இங்கே நாங்கள் சுகம். பக்கத்து வீட்டில் சின்னப்பிள்ளை என்றொரு அக்கா, காலையில் இரண்டு மணி நேரம் அம்மாவோடு இருக்கச் சம்மதித்திருக்கிறார். என் இடுப்புக்கும் கொஞ்சம் ஓய்வு.

உன் கடிதத்தை முதலில் படித்தபோது அழுதேன். அடுக்களைக்குப் பக்கத்து அறையின் கதவைச் சாத்தினேன். பிறகு திறந்தே வைத்துவிட்டேன். காற்று வரட்டும்.

உன் தனித்தாளை நான்கு நாள் கொடுக்கவில்லை. அவர் மனதில் அந்தப் பெண்ணும் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம். நேற்று கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல விரலால் தடவித் தடவி, உதடு அசையப் படித்தார். அது எனக்கு ஒரு மணி நேரம் போல இருந்தது. மடித்தார். தலையணைக்குக் கீழே வைத்தார்.

"என்னம்மா எழுதியிருக்கா?"

"வரலையாம். நல்லதுதான்." தலையணையைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, "அந்தப் போன் பொண்ணு தாந்தான்னு எழுதியிருக்கா" என்றார்.

"ஆமாம்மா. அவதான்."

"அவ அப்புடித்தான் எழுதுவா. வர முடியலையேன்னு நான் மனசு நொந்துருவேன்னு எழுதியிருக்கா. ரெண்டு பேரும் பழக்கம் போல."

அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மூன்றரை ஆனதும் வழக்கம்போலச் சீப்பை எடுத்து நீட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து தலையைப் பிரித்துச் சீவிக்கொண்டிருந்தபோது, எனக்கென்று இல்லாமல், தனக்குத்தானே போலச் சொன்னார்.

"அப்ப எனக்குப் பொண்ணு மூணு."

உன் அக்கா,
ராஜலட்சுமி